ஆங்கிலச் சொல்லும் ஒலியும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லுக்கும் எதிரே அதன் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் குறித்துவைத்துப் படிக்கிறேன். ஆனாலும் நேர்முகத் தேர்வில் நான் சொன்ன சில சொற்கள் எதிரில் இருந்தவர்களுக்குப் புரியவில்லை. காரணம் என்ன?
– பட்டதாரி வாசகி, விழுப்புரம்

பதில்: தமிழில் குறித்துக்கொள்வது தொடக்கத்தில் உதவும், அதை மட்டுமே நம்பியிருப்பதுதான் சிக்கல். 'பின்' என்று எழுதினால் அது குண்டூசியா, குப்பைத்தொட்டியா என்று தெரியாது. 'கேட்' என்று எழுதினால் பூனையும் வாசற்கதவும் ஒன்றாகிவிடும். நம் ககரமும் பகரமும் சொல்லில் நிற்கும் இடத்துக்கேற்ப வன்மையாகவோ மென்மையாகவோ ஒலிக்கின்றன. ஆங்கிலத்திலோ அந்த வேறுபாடே பொருளை மாற்றிவிடுகிறது.

இதைவிட முக்கியமானது அசையழுத்தம், அதாவது சொல்லின் ஓர் ஒலித்துண்டை (அசையை) மற்றவற்றைவிட அழுத்திச் சொல்வது. தமிழில் குறில் நெடிலானால் பொருள் மாறும்; எந்த அசையை அழுத்திச் சொன்னாலும் பொருள் மாறாது. அதனால் அழுத்தத்தைக் கவனிக்கும் பழக்கமே நமக்கு இல்லை. 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதல் அசை அழுத்தம் பெறுகிறது. படம் எடுப்பவரைக் குறிக்கும்போது அழுத்தம் இரண்டாம் அசைக்கு நகர, முதல் அசை தேய்ந்து, ஏறக்குறைய 'ஃபட்டாக்ரஃபர்' என்று ஒலிக்கிறது. 'ஃபோட்டோகிராஃபிக்' என்னும்போது அழுத்தம் மூன்றாம் அசைக்குப் போய்விடுகிறது. நாம் 'டெவலப்', 'ஹோட்டல்' இரண்டையும் முதல் அசையை அழுத்தியே சொல்கிறோம். ஆங்கிலத்தில் அவை 'டிவெலப்', 'ஹோடெல்' என்று இரண்டாம் அசையில் அழுத்தம் பெறுபவை. 'ரெக்கார்ட்' என்ற சொல் முதல் அசை அழுந்தினால் பெயர்ச்சொல், இரண்டாம் அசை அழுந்தினால் வினைச்சொல்.

அகராதியின் உச்சரிப்புக் குறிப்பில் ஓர் அசைக்கு முன்னால், மேற்புறமாக, சிறு செங்குத்துக் கோடு இருக்கும். அந்த அசையே அழுத்தம் பெறுவது. உங்கள் குறிப்பேட்டில் அந்த அசையை அடிக்கோடிடுங்கள். 'ஷன்', 'இக்' என முடியும் சொற்களில் பெரும்பாலும் அதற்கு முந்தைய அசையே அழுந்தும்: 'எஜுகேஷன்' என்பதில் 'கே', 'எகனாமிக்' என்பதில் 'னா'. இணைய அகராதிகளில் ஒலிப்பதிவு இலவசமாகவே கிடைப்பதால், எழுதுவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: நாள்தோறும் புதிய சொற்களைத் தமிழ்ப் பொருளோடு மனப்பாடம் செய்கிறேன். பேச முயலும்போது ஒன்றுகூட வாய்க்கு வருவதில்லை.
– போட்டித் தேர்வு மாணவர், சிவகங்கை

பதில்: ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று படித்தால் வினாத்தாளில் விடையைக் குறிக்கலாம், வாக்கியம் அமைக்க அது போதாது. ஒவ்வொரு சொல்லுக்கும் அதனோடு சேர்ந்து வரும் துணைச்சொற்கள் உண்டு. மழைக்கு 'ஹெவி', காற்றுக்கு 'ஸ்ட்ராங்'. நமக்குத் தவறும் 'செய்வது'தான், வீட்டுப்பாடமும் 'செய்வது'தான்; ஆங்கிலத்திலோ முன்னது 'மேக்', பின்னது 'டூ'. 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்ற நம் வாக்கியத்தின் 'பற்றி'யே 'டிஸ்கஸ்' என்பதற்குப் பின்னால் வேண்டாத 'அபௌட்' ஒன்றைக் கொண்டுவந்து சேர்க்கிறது. 'அட்வைஸ்', 'இன்ஃபர்மேஷன்', 'ஃபர்னிச்சர்' ஆகியவை பொதுவாகப் பன்மை விகுதி ஏற்பதில்லை. ஓர் அறிவுரையை 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்' என்றே சொல்ல வேண்டும். ஆகவே, தமிழ்ப் பொருளுக்குப் பக்கத்தில், உங்கள் வீட்டையோ ஊரையோ பற்றி நீங்களே அமைத்த ஒரு சிறு வாக்கியத்தையும் எழுதி, அதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

எந்தச் சொற்களைப் படிப்பது என்பதிலும் கவனம் தேவை. டாக்காவில் பல ஆண்டுகள் கல்விப் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், ஆங்கிலம் கற்போருக்கு மிகவும் பயன்படும் சுமார் 2,000 சொற்களின் பட்டியலை 1953-இல் வெளியிட்டார். அன்றாட ஆங்கிலத்தின் பெரும்பகுதி இத்தகைய எளிய சொற்களால் ஆனதே. இவற்றைக் கையாளத் தெரியாத மாணவர்களிடம் அரிய சொற்களின் நீண்ட பட்டியலைத் திணிப்பது அவர்களது உழைப்பை வீணாக்குவதாகும் என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல்லில் 'பி' (b) என்னும் எழுத்து ஒலிக்காதபோது அதை ஏன் எழுதுகிறார்கள்?
– பள்ளி ஆசிரியர், தென்காசி

பதில்: பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது அச்சொல்லில் அந்த எழுத்து இல்லை. 'டெபிட்டும்' என்ற இலத்தீன் மூலத்தை நினைவூட்டுவதற்காகப் பிற்காலக் கல்விமான்கள் அதைச் சேர்த்தார்கள். 'டவுட்' என்பதில் உள்ள 'பி' (b), 'ரிசீட்' என்பதில் உள்ள 'பி' (p) ஆகியவையும் அப்படி வந்தவையே. கத்தியைக் குறிக்கும் 'நைஃப்' என்பதன் முதலெழுத்தான 'கே' வேறு வகை: அது முற்காலத்தில் உண்மையாகவே ஒலித்தது. 1476-இல் வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சகம் தொடங்கிய பின் எழுத்துமுறை படிப்படியாக நிலைபெற்றது. உச்சரிப்போ தொடர்ந்து மாறிக்கொண்டே போயிற்று.

கேள்வி: குறித்த நாளுக்கு முன்னதாக நடத்துவதைச் சொல்லும் 'ப்ரீபோன்' என்பது தவறான ஆங்கிலமா?
– அலுவலக ஊழியர், ஓசூர்

பதில்: தவறன்று, இந்திய ஆங்கிலச் சொல்லாக அகராதிகளிலும் இடம்பெற்றுவிட்டது. வெளிநாட்டவருக்கு எழுதும்போது 'ப்ரிங் ஃபார்வர்ட்' என்று எழுதினால் குழப்பம் இராது. அதைவிடக் கவனிக்க வேண்டியது, நாம் கேள்வி என்ற பொருளில் ஆளும் 'டவுட்'. வெளிநாட்டவர் ஒருவரிடம் 'ஐ ஹேவ் எ டவுட்' என்று சொன்னால், நீங்கள் விளக்கம் கேட்பதாக அல்லாமல், அவர் சொன்னதை நம்பவில்லை என்று அவர் எடுத்துக்கொள்ளக்கூடும். அங்கே 'கொஸ்டின்' என்றே சொல்லுங்கள்.