ஒரே பி.ஓ.பி., எத்தனை அர்த்தம்?

கேள்வி: எங்கள் அம்மாயி பல வருஷம் தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்) சல்லடைப் பக்கம் வேலை செய்தவர். போன வாரம் வழுக்கி விழுந்து கை உடைந்ததில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். "பி.ஓ.பி. போடணும்" என்று நர்ஸ் சொன்னதும், "தேயிலையையா கையில கட்டப் போறாங்க?" என்று பயந்துவிட்டார். என் பொருளியல் பாடத்திலும் ஒரு பி.ஓ.பி. இருக்கிறது. எது சரி?
– உயர்தர மாணவி, ஹட்டன்

பதில்: எல்லாமே சரிதான், தங்கச்சி. அம்மாயி கேட்டதிலும் தப்பில்லை, மலையகத்தில் பி.ஓ.பி. என்றால் முதலில் தேயிலைதானே. புரோக்கன் ஆரஞ்சு பெக்கோ. கொழுந்தை வாடவைத்து, ரோலரில் உருட்டி, புளிக்கவிட்டு, காயவைத்து, கடைசியில் சலிக்கும்போது துண்டின் அளவைப் பார்த்து வைக்கிற பெயர் அது. இன்னும் பொடியாக இருந்தால் பி.ஓ.பி.எஃப்., அதற்கும் கீழே டஸ்ட். ஆரஞ்சுப் பழத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பெக்கோ என்பது தளிரின் மேல் இருக்கும் வெள்ளைப் பூமயிரைக் குறிக்கும் சீனச் சொல்லிலிருந்து வந்தது.

ஆஸ்பத்திரியில் சொன்னது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் முதல் எழுத்து வேறு, தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே 'பி' ஆகிவிடுகிறது. பாரிஸில் ஜிப்சம் கல்லை வெட்டிச் சுட்டுப் பொடியாக்கியதால் அந்தப் பெயர். நனைத்துக் கட்டிய கொஞ்ச நேரத்தில் அம்மாயிக்குக் கை சுடுவதுபோல இருந்திருக்கும், அது மா இறுகும்போது வருகிற சூடு.

உங்கள் பாடத்தில் வருவது பேலன்ஸ் ஆஃப் பேமென்ட்ஸ், தமிழில் சென்மதி நிலுவை, அதாவது நாடு வெளிநாடுகளோடு செய்த கொடுக்கல் வாங்கல் கணக்கு. அம்மாயி சலித்த பி.ஓ.பி. கொழும்பு ஏலத்துக்குப் போய், கப்பலேறி, டொலராகத் திரும்பும்போது இந்த பி.ஓ.பி.யில்தான் வரவாக விழுகிறது! 2022 இல் டொலர் இல்லாமல் பெற்றோலுக்கும் கேஸுக்கும் வரிசையில் நின்றோமே, அப்போது ஆட்டங்கண்டதும் இதே கணக்குதான்.

எண்ணெய்க் கிணற்றிலும் ஒன்று உண்டு, புளோஅவுட் பிரிவென்டர், கிணறு பீறிடாமல் அடைக்கும் வால்வு. 2010 இல் மெக்சிகோ வளைகுடாவில் அது கிணற்றை அடைக்கத் தவறியது, 11 தொழிலாளர்கள் இறந்தார்கள்.

சரி, எப்படிப் பிரித்தறிவது? பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பாருங்கள். 'சலித்த' என்றால் ஸ்டோர், 'பற்றாக்குறை' என்றால் பொருளியல், 'போடணும்' என்றால் ஆஸ்பத்திரி. பரீட்சையில் சென்மதி நிலுவை என்று முழுசாகவே எழுதுங்கள். அப்புறம், ஆஸ்பத்திரிகளில் வேலை செய்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: தோட்டத்துப் பெரியவர்களிடம் மாவுக்கட்டு என்றே சொல்லுங்கள். அந்த ஒரு சொல் காதில் விழுந்திருந்தால் இந்த அம்மாயி பயந்திருக்கவே மாட்டார்.