டூல் கேபினட் மேல் பலகை போட்டால் ஒர்க் பெஞ்ச் ஆகிவிடுமா?

கார் ஷெட்டில் இரண்டு ஸ்டீல் டூல் கேபினட்டைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, மேலே பிளைவுட் போட்டு ஒர்க் பெஞ்ச் ஆக்கலாமா, தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். எடையைத் தாங்கும். வேலையைத் தாங்காது.

கோவையில் ஒரு பம்பு கம்பெனியின் டூல் ரூமில் ஃபிட்டராகச் சேர்ந்து, வைஸுக்கு (இரும்பைக் கவ்விப் பிடிக்கும் இடுக்கி) முன்னால் நின்றே காலத்தை ஓட்டியவன் நான். "ஒரு பிளைவுட்டை வாங்கிப் போட்டு நாலு ஸ்க்ரூ முடுக்குங்க, வேலை முடிஞ்சுது" என்று இங்கே சிலர் பதில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுச் சும்மா போக மனசு வரவில்லை.

வீட்டு உபயோகத்துக்கு வரும் கேபினட்டின் உடம்பு பெரும்பாலும் 1 மி.மீ. சுமாருக்கு உள்ள தகடுதான். மேலிருந்து நேராக இறங்கும் பாரத்தை அது நன்றாகவே சுமக்கும். ஆனால் வைஸில் இரும்பைப் பிடித்து அரம் போடும்போது விசை முன்னும் பின்னுமாக இழுக்கும். ஹாக்ஸா (இரும்பு அறுக்கும் ரம்பம்) ஓட்டினாலும், துருப்பிடித்து இறுகிய நட்டை நீள ஸ்பேனர் போட்டுத் திருகினாலும் அதே கதைதான். அந்த இழுப்பில் தகட்டுப் பெட்டி கொஞ்சம் கொஞ்சமாகக் கோணும். டிராயர் ஓடும் டெலஸ்கோபிக் சேனல் இடதும் வலதும் இணையாக இருந்தால்தான் வழுக்கிக்கொண்டு வரும். பெட்டி கோணினால் முதலில் கெடுவது அதுதான். எங்கள் வீதியிலேயே ஒருவர் கேபினட் மூலையில் வைஸ் மாட்டியிருக்கிறார். அவருடைய இரண்டாவது டிராயரைத் திறக்க, பக்கத் தகட்டில் முழங்காலை முட்டுக் கொடுத்து இழுக்க வேண்டியிருக்கிறது.

சாலிடரிங், சைக்கிள் பஞ்சர், மிக்ஸி ரிப்பேர் இவ்வளவுதான் உங்கள் வேலை என்றால் தாராளமாகப் பலகையை நேரே போட்டுக்கொள்ளுங்கள், அதை நான் குறை சொல்லவில்லை. "நான் வருஷக்கணக்கா அப்படித்தான் வச்சிருக்கேன், ஒண்ணும் ஆகல" என்று கமெண்டில் வருகிறவர்கள், அதில் வைஸ் இருக்கிறதா, அதில் எதைப் பிடிக்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் படிக்கிறவர்களுக்கு உதவும்.

நான் செய்தது இதுதான். பாரம் முழுவதையும் இரும்பு ஃபிரேம் சுமக்க வேண்டும், கேபினட் அதன் அடியில் சும்மா நிற்க வேண்டும். கேபினட்டை ஃபிரேமோடு சேர்த்து ஒரு ஸ்க்ரூகூட முடுக்கவில்லை. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் இரண்டையும் வெளியே உருட்டிக் கழுவித் துடைத்து எண்ணெய் போட்டு, திரும்ப உள்ளே தள்ளிவிடுவேன்.

அந்தக் கேபினட் இரண்டும் நான் வேலை பார்த்த டூல் ரூமில் இருந்தவை. கம்பெனியை மூடியபோது பழைய இரும்பு விலைக்குக் கிலோக் கணக்கில் எடை போட்டார்கள். அதே விலையைக் கொடுத்து நான் எடுத்துக்கொண்டேன். டிராயர் முகப்பில் 'எம்8 டேப்' (மரை வெட்டுவது), 'ரீமர்' (துளையைச் சரியான அளவுக்குக் கொண்டுவருவது) என்று எனாமல் பெயிண்டில் எழுதியிருப்பது இன்னும் அழியவில்லை. அவற்றை அழியவும் விடமாட்டேன்.

உங்களுக்குப் பயன்படும் அளவுகளைச் சொல்கிறேன். ஒவ்வொரு கேபினட்டும் 690 மி.மீ. அகலம், சக்கரத்தோடு 750 உயரம். பெஞ்ச் 8 அடிக்கு 2 அடி. இந்த அளவுக்குக் காரணம் உண்டு: 8 அடிக்கு 4 அடி, 19 மி.மீ. பிளைவுட் ஒன்றை நீளவாக்கில் இரண்டாக அறுத்தால் இரண்டு துண்டு கிடைக்கும். ஒன்றின் மேல் ஒன்று ஃபெவிகால் பூசி, அடியிலிருந்து ஸ்க்ரூ முடுக்கினால் 19-ம் 19-ம் சேர்ந்து 38 மி.மீ. கனப் பலகை ஆகிவிடும். ஒரே ஷீட்டில் முடிந்தது. சாரல் அடிக்கும் ஷெட் என்றால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ளதை (தண்ணீர் தாங்கும் மெரைன் பிளைவுட்) கேட்டு வாங்குங்கள். அதற்கு மேல் 3 மி.மீ. ஹார்டுபோர்டு ஒன்றை ஒட்டாமல் ஸ்க்ரூவில் மட்டும் நிறுத்துங்கள். கீறலும் கிரீஸும் அதோடு போகும், பாழானால் கழற்றி வேறு மாட்டிக்கொள்ளலாம்.

ஃபிரேமுக்கு 50-க்கு 50 சதுரப் பைப், 3 மி.மீ. கனம். முன்னால் மூன்று கால், பின்னால் மூன்று கால். இரண்டு கேபினட்டும் சேர்ந்து நிற்க ஒரு பக்கம் 1400 மி.மீ. விட்டேன். மறுபக்கம் 890 மி.மீ. காலியாக இருக்கும், ஸ்டூல் போட்டு உட்காரலாம். கேபினட் தலைக்கும் பைப்புக்கும் நடுவே சுமார் 20 மி.மீ. இடைவெளி போதும். இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. பாரமான மேல் டிராயர்களை ஒரே நேரத்தில் வெளியே இழுத்தால் கேபினட் முன்பக்கம் சாயப் பார்க்கும். அப்படிச் சாயும்போது மேலே தூக்கும் கேபினட்டின் பின்பக்கம் முட்டி நிற்கும்படி ஃபிரேமில் ஒரு குறுக்குப் பைப் போட்டுவிட்டால் காலில் விழாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

பலரும் கோட்டை விடும் இடம் தரை. கார் கழுவிய தண்ணீர் ஓடுவதற்காக ஷெட் தரையை கேட் பக்கம் சரித்துப் போட்டிருப்பார்கள். நூற்றுக்கு ஒன்று சரிவு என்றால்கூட 2440 மி.மீ. (8 அடி) நீளத்துக்கு 24 மி.மீ. வித்தியாசம் வரும். அதனால் கால் உயரத்தை மேட்டுப் பக்கத்தில் அளந்து முடிவு செய்யுங்கள். காலடியில் தடித்த பிளேட் வைத்து, எம்16 நட்டை வெல்டு செய்து, போல்ட்டையே பாதமாக இறக்கிவிட்டால், ரசமட்டம் வைத்துத் திருகித் திருகி மட்டம் பிடிக்கலாம். கேபினட் சக்கரத்துக்குப் பூட்டு இல்லையென்றால் கேட் பக்கம் உருண்டு வரும், ஒரு கட்டை கொடுங்கள்.

வெல்டிங்குக்கு வந்த பையன் நல்ல வேலைக்காரன். ஆனால் மூலைமட்டம் வைத்த கையோடு முழு வெல்டு போட ராடை எடுத்துவிட்டான். "கொஞ்சம் பொறு தம்பி, டாக் மட்டும் வை, மூலைக்கு மூலை குறுக்கே டேப் பிடிக்கலாம்" என்றேன். டாக் என்றால் அங்கங்கே புள்ளியாக வைக்கும் தற்காலிக வெல்டு. "மட்டம் சரியா நிக்குதுங்கண்ணா" என்றான். பிடித்துப் பார்த்தால் ஒரு குறுக்குக்கும் இன்னொரு குறுக்குக்கும் 4 மி.மீ. வித்தியாசம். நீளமாக இருந்த மூலையில் சம்மட்டியால் இரண்டு தட்டு தட்டினதும் இரண்டும் ஒன்றாகிவிட்டது. பிறகுதான் முழு வெல்டு, அதுவும் எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றி. வெல்டு ஆறும்போது இரும்பை இழுக்கும். அடுத்த பைப்புக்கு அவனே டேப்பை எடுத்துக்கொண்டு, "அந்தத் தலைப்பைப் பிடிங்கண்ணா" என்றான்.

வைஸை எந்தக் காரணத்துக்காகவும் டிராயர் இருக்கும் பக்கம் மாட்டாதீர்கள். இரும்புப் பொடி திறந்த டிராயரில் விழுந்து சேனல் குண்டுகளைத் தின்றுவிடும். காலியான பக்கத்தின் கோடிக் காலுக்கு நேர் மேலே, வைஸின் தாடை, பலகையின் விளிம்பைத் தாண்டி வெளியே நிற்கும்படி வையுங்கள். அப்போதுதான் நீளப் பைப்பைச் செங்குத்தாகப் பிடிக்க முடியும். உயரத்துக்கு டூல் ரூமில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கு: முழங்கையை வைஸ் தாடை மேல் ஊன்றினால், மடக்கிய முஷ்டி உங்கள் முகவாயைத் தொட வேண்டும். எனக்கு அது பலகை மட்டம் 860 மி.மீ. என்று வந்தது. உங்கள் உயரத்துக்கு நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், யாருடைய அளவையும் காப்பியடிக்காதீர்கள்.

இந்த முஷ்டிக் கணக்கை என் அக்கா மகனுக்குச் சொன்னேன். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் கடைசி வருஷம். "மாமா, எங்க ஒர்க்‌ஷாப்ல வைஸ் இருக்குதுங்க, ஆனா பேட்ச் பெருசு, கிட்டப் போகவே முடியாதுங்க" என்றான். கடைசி வருஷப் பிராஜெக்டையும் காசு கொடுத்து வெளியில் செய்து வாங்கி வைத்திருந்தான், அவன் வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தானாம். பையன் மேல் எனக்கு வருத்தமே இல்லை. லட்சக்கணக்கில் ஃபீஸ் வாங்கிக்கொண்டு, ஒரு அரத்தை எப்படிப் பிடிப்பது என்றுகூடக் காட்டாமல் வெளியே அனுப்புகிறார்களே, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. இரண்டு வருஷம் ஐ.டி.ஐ. ஃபிட்டர் படித்த பிள்ளைக்கு இருக்கும் கை இவனுக்கு ஏன் இல்லை என்று எந்த நிர்வாகமாவது கேட்டிருக்கிறதா? கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் இங்கே வந்து அரம் போடுகிறான்.

கரண்ட் விஷயம் ஒன்று பாக்கி. இரும்பு ஃபிரேம் என்பதால் அதற்குத் தனியாக எர்த் வயர் இழுத்துக் கட்டச் சொல்லுங்கள். பிளக் பாயிண்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே துண்டித்துவிடும் சுவிட்ச்) கட்டாயம். கிரைண்டர் வயர் அறுந்து பைப்பில் பட்டால் உயிரைக் காப்பாற்றுவது அதுதான்.

செலவு இரும்பு விலையைப் பொறுத்தது, அதனால் நான் தொகை சொல்லவில்லை. கேபினட்டின் அகலம், ஆழம், சக்கரத்தோடு உயரம், ஷெட் தரையின் சரிவு இவற்றை அளந்து கமெண்டில் போடுங்கள். எந்தப் பைப்பை எத்தனை மி.மீ.க்கு வெட்ட வேண்டும் என்று எழுதித் தருகிறேன்.