முதலாம் ஆண்டில் எவ்வளவு பாடச் சுமை எடுத்துக்கொள்ளலாம், அதை எப்படி முடிவு செய்வது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் ராயபுரத்துக்காரர். பி.காம் முதலாம் ஆண்டு, காலை ஷிஃப்ட். மாலையில் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் வேலை. கூடப் படிப்பவர்களில் ஒருவன் சி.ஏ. ஃபவுண்டேஷன் (ஆடிட்டர் படிப்பின் முதல் கட்டம்), ஒருத்தி டேலி (கணக்கு எழுதும் மென்பொருள்), இன்னொருவன் ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆன்லைன் பட்டப்படிப்பு என்று ஆளுக்கொன்றில் சேர்ந்துவிட்டார்களாம். வெளிநாட்டில் மாணவர்களே இத்தனை கிரெடிட் (பாடச் சுமையை அளக்கும் புள்ளி) என்று தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்களே, நாம் எதை வைத்து முடிவு செய்வது என்று கேட்கிறார்.

நான் தண்டையார்பேட்டையில் பல வருஷமாக மாலை டியூஷன் எடுக்கிறேன். பிளஸ் டூ முடித்துப் போன பிள்ளைகள் ஜூலையில் திரும்பி வந்து கேட்பது இதைத்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த வெளிநாட்டுக் கதையை முடித்துவிடலாம். அமெரிக்காவில் செமஸ்டருக்கு 12 கிரெடிட் எடுத்தாலே முழுநேர மாணவர். 120 கிரெடிட் பட்டத்தை நாலு வருஷத்தில் முடிக்க வேண்டுமென்றால் 15 வீதம் எடுக்க வேண்டும். ஒத்துவராத பாடத்தை முதல் சில வாரங்களுக்குள் விட்டுவிடவும் வழி இருக்கிறது. நமக்கு அந்தப் பேச்சே கிடையாது. சென்னைப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் தமிழ், ஆங்கிலம், கோர் (முதன்மைப் பாடம்), அலைடு (துணைப் பாடம்) எல்லாம் முன்பே முடிவாகி, டே ஆர்டர் (வகுப்பு அட்டவணை) போட்டுக் கையில் கொடுத்துவிடுவார்கள். மூன்று வருஷத்துக்கு 140 கிரெடிட், வாரம் 30 மணி நேரம் வகுப்பு. பொறியியலிலும் இதே கதைதான். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் முதல் செமஸ்டருக்கு 22 கிரெடிட் இருந்தது: கணக்குக்கு 4, ஆங்கிலம், இயற்பியல், வேதியியல், பைத்தான் நான்குக்கும் தலா 3, தமிழர் மரபுக்கு 1, மிச்சம் லேப். இதில் நீங்கள் கை வைக்க ஒன்றுமில்லை. ஆக, நம் பிள்ளைகள் முடிவு செய்வது கல்லூரி தரும் சுமையை இல்லை, அதற்கு மேல் தாங்களாக ஏற்றிக்கொள்வதைத்தான்.

அதை எப்படி முடிவு செய்கிறார்கள் என்றால், பெரும்பாலும் முடிவு செய்வதே இல்லை. பக்கத்து பெஞ்சில் இருப்பவன் சேர்ந்தான், நானும் சேர்ந்தேன். இல்லையென்றால் வீட்டில் சொல்வார்கள், “ஒரு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துடுறியே, சும்மாதானே இருக்கே, ஏதாவது கத்துக்கோயேன்.” காலை ஷிஃப்ட் பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை அதிகம். மத்தியானத்துக்கு மேல் முழுக்கக் காலியாக இருப்பதாக எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள், பிள்ளையும் சேர்த்து.

நான் சொல்லும் வழி ஒன்றே ஒன்றுதான். எத்தனை பாடம் என்று எண்ணாமல் எத்தனை மணி நேரம் என்று எண்ணுங்கள். அதையும் ஜூலை மாத வாரத்தை வைத்து எண்ணாதீர்கள். ஜூலையில் எல்லோருக்கும் நேரம் இருக்கிறது. வருஷத்திலேயே மோசமான வாரம் எது என்று பார்த்து, அதை வைத்து எண்ணுங்கள். உங்களுக்கு அது தீபாவளிக்கு முந்தின வாரம். எம்.சி. ரோட்டில் அப்போது கடை எத்தனை மணிக்குச் சாத்துகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கூட்டம் ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் நவம்பர் செமஸ்டர் பரீட்சை வந்து நிற்கும். போதாததற்கு மழை. வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கம் தண்ணீர் நின்றால் இரண்டு மூன்று நாள் படிப்பு போச்சு என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு பிள்ளையின் கணக்கைக் காட்டுகிறேன், அப்போது புரியும். காசிமேட்டுப் பெண், பி.எஸ்சி. கணிதம். அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கான புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. (அந்தத் திட்டத்தைத் தொடங்கி வைத்ததே நம்ம பக்கத்து பாரதி மகளிர் கல்லூரியில்தான், 2022 செப்டம்பர் 5-ஆம் தேதி.) ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று யு.ஜி.சி. 2022-இல் சொன்ன பிறகு கல்லூரியோடு சேர்த்து ஐ.ஐ.டி. மெட்ராஸின் டேட்டா சயின்ஸ் படிப்பையும் எடுப்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். இவளும் குவாலிஃபையர் (சேருவதற்கான தகுதித் தேர்வு) எழுதி நல்ல மார்க் வாங்கிவிட்டாள். அந்தப் படிப்பில்தான், நீங்கள் சொன்ன வெளிநாட்டு மாதிரி, டேர்முக்கு (நாலு மாதப் பருவத்துக்கு) எத்தனை கோர்ஸ் என்று நாமே முடிவு செய்யலாம். எடுக்கும் கோர்ஸுக்கு மட்டும் பணம்.

“மிஸ், நாலு வரைக்கும் எடுக்கலாமாம். நாலும் எடுத்துடட்டுமா?” என்று வந்து நின்றாள்.

பழைய டைரியில் ஒரு பக்கத்தைத் திருப்பி அவளையே எழுதச் சொன்னேன். வாரத்துக்கு 168 மணி. தூக்கம் ஏழு மணி வீதம் 49. கல்லூரியும் பஸ்ஸில் போக வரவும் சேர்த்து 40. சமையல், குளியல், சாப்பாடு, தண்ணீர் பிடிப்பது என்று நாளுக்கு நாலு மணி, அது 28. மாலையில் மீன் கடையில் அம்மாவுக்குத் துணை, நாலு மணி நேரம் வீதம் ஆறு நாள், 24. கூட்டினால் 141. மிச்சம் 27. அதில் கல்லூரிப் பாடத்துக்கே வாரம் பத்து மணியாவது வேண்டும். கையில் நிற்பது 17. ஒரு கோர்ஸுக்கு வாரம் சுமார் 10 மணி ஆகும் என்று ஐ.ஐ.டி.யே சொல்கிறது. நாலு கோர்ஸுக்கு 40 மணி எங்கிருந்து வரும்? எழுதி முடித்ததும் பேனாவை மூடிவிட்டு, “ரெண்டே கஷ்டம்தான் மிஸ்” என்றாள்.

ஆனாலும் இரண்டு எடுக்கச் சொன்னேன். காரணம், முதல் கணக்குக் கோர்ஸில் வருவது நேர்கோடு, இருபடிச் சமன்பாடு, சார்புகள், மடக்கை. பிளஸ் டூவில் கணக்கு எடுத்த பிள்ளைக்குப் பாதி ஏற்கெனவே தெரிந்தது. பத்து மணி ஆகாது. அதோடு ஆங்கிலம். புள்ளியியலை அடுத்த டேர்முக்குத் தள்ளினோம். அந்தப் படிப்பின் முதல் கட்டமான ஃபவுண்டேஷனில் மொத்தமே எட்டு கோர்ஸ்தான், வருஷத்துக்கு மூன்று டேர்ம் இருக்கிறது, யாரும் துரத்தவில்லை.

இந்த இடத்தில் இரண்டு காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஐ.ஐ.டி. டேர்ம்கள் ஜனவரி, மே, செப்டம்பரில் தொடங்கும். செப்டம்பர் டேர்மின் தேர்வுகள் நம் நவம்பர் செமஸ்டரோடு மோதும், அதனால் அப்போது ஒன்றே ஒன்று எடுத்தால் போதும், எடுக்காவிட்டாலும் பாதகமில்லை. மே டேர்மின் தொடக்கத்தில் கல்லூரி லீவு. கூடுதலாக எடுக்க அதுதான் நல்ல நேரம். ஆனால் காசிமேட்டு வீட்டில் மே மாதம் என்றால் மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். கடையில் வேலை குறைந்து நேரம் கிடைக்கும், கோர்ஸுக்குக் கட்டப் பணம் இருக்காது. அதனால் ஜனவரியிலிருந்தே அந்த ஆயிரத்தைத் தொடாமல் எடுத்து வைத்தாள். குடும்ப வருமானத்தைப் பொறுத்து 75 சதவீதம் வரை கட்டணச் சலுகையும் உண்டு. அதற்கான சான்றிதழைக் கடைசி வாரத்தில் தேடாமல் முன்பே வாங்கி வைப்பது நல்லது.

அப்புறம், உட்கார இடம். இதை யாரும் சுமைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரே அறை, ஒரு பக்கம் டிவி, இன்னொரு பக்கம் தம்பி. அந்த வீட்டில் இரவு எட்டிலிருந்து பத்து வரை என்பது இரண்டு மணி நேரம் ஆகாது. விடியற்காலை ஐந்திலிருந்து ஏழு என்றால் ஆகும். கொளத்தூர், பெரம்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகம் (உட்கார்ந்து படிக்க, வேலை செய்ய இடம் தரும் மையம்) இருக்கிறது. மற்றவர்கள் ஷிஃப்ட் முடிந்ததும் வீட்டுக்கு ஓடி வராமல் கல்லூரி நூலகத்திலேயே மூன்று மணி வரை உட்காரலாம். மதியம் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் படித்தவர்களை நான் பார்த்ததில்லை, தூங்கினவர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

வருகைப் பதிவையும் மறந்துவிடாதீர்கள். 75 சதவீதம் வேண்டும். செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்றால் 22 நாளுக்கு மேல் லீவு போடக் கூடாது. வேலைக்குப் போகும் பையன்கள் தீபாவளி சமயத்தில் பத்து நாள் போட்டுவிட்டு, அப்புறம் காய்ச்சலுக்கும் மழைக்கும் மிச்சத்தைச் செலவழித்துவிட்டு, ஹால் டிக்கெட்டுக்காக கான்டொனேஷன் (வருகைக் குறைவை மன்னிக்கக் கட்டும் கட்டணம்) கட்டிக்கொண்டு நிற்பது வருஷா வருஷம் நடக்கிறது.

பொறியியல் படிப்பவர்களுக்கு ஒரு வரி போதும். திருவொற்றியூரில் காலை ஆறரைக்குக் கல்லூரி பஸ் ஏறி, மாலை ஆறுக்கு மேல் இறங்குகிறவர் முதல் செமஸ்டரில் எதையும் கூட எடுக்க வேண்டாம். மைனரோ (வேறு துறையில் கூடுதல் பாடங்கள்) ஹானர்ஸோ (சொந்தத் துறையிலேயே கூடுதல் பாடங்கள்) வேண்டுமென்றால் அந்தக் கூடுதல் கிரெடிட்டுக்குப் பின்னால் நேரம் வரும். ஆனால் அரியர் இருந்தால் ஹானர்ஸ் கிடைக்காது. ஆசை இருந்தால் ஐ.ஐ.டி.கள் ஆன்லைனில் நடத்தும் என்.பி.டி.இ.எல். கோர்ஸ் ஒன்றில் சேர்ந்து பாருங்கள். சேருவதற்குக் காசு இல்லை, பரீட்சைக்கு மட்டும்தான் ஆயிரம் ரூபாய். சில வாரம் அசைன்மென்ட் போட்டுப் பார்த்து, ஓடுகிறது என்றால் கட்டுங்கள். முதல் தடவை நாலு வாரம் அல்லது எட்டு வாரக் கோர்ஸே போதும். எடுத்தவுடன் 12 வாரம் வேண்டாம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

சி.ஏ. ஃபவுண்டேஷனில் நாலு தாள்: கணக்குப் பதிவியல், வணிகச் சட்டம், கணிதமும் புள்ளியியலும் சேர்ந்த குவான்டிடேட்டிவ் தாள், பொருளாதாரம். கணக்குப் பதிவியலும் பொருளாதாரமும் உங்கள் பி.காம் பாடத்தோடு ஒட்டும், அதனால் அவை தனிச் சுமை இல்லை. பளு முழுக்க குவான்டிடேட்டிவில்தான். பிளஸ் டூவில் கணக்கு எடுக்காமல் வந்தவர் என்றால் அதற்கு மட்டும் வாரம் எட்டு, பத்து மணி வைக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு, இதைப் பலரும் சொல்வதில்லை. பி.காமை 55 சதவீதத்தோடு முடித்தால் ஃபவுண்டேஷன் எழுதாமலே நேராக அடுத்த கட்டமான இன்டர்மீடியட்டுக்குப் போகலாம். ஃபவுண்டேஷனை இப்போதே எழுதினால் வருஷம் மிச்சமாகும், உண்மைதான். ஆனால் அதை நம்பி பி.காமில் அரியர் வைத்து, அதிலும் தேறாமல் போனால் இரண்டு வழியும் அடைபடும்.

அதனால் இந்த செமஸ்டரில் பெரிய படிப்பு எதிலும் பணம் கட்டாதீர்கள். கை சும்மா இருக்க முடியாது என்றால் டைப்ரைட்டிங் லோயர் (தட்டச்சு முதல் நிலை) சேருங்கள். தினம் ஒரு மணி நேரம், மெஷின் முன்னால் உட்கார்ந்து முடிகிற வேலை, வீட்டில் படிக்க எதுவுமில்லை. பரீட்சை பிப்ரவரியில், தீபாவளியும் செமஸ்டரும் தாண்டியபிறகு. வருங்காலத்தில் அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு எழுதினால் உதவும். டேலியை மூன்றாம் வருஷத்துக்கு விடுங்கள், வேலை தேடும்போது கற்றுக்கொண்டால்தான் கையில் நிற்கும்.

முதல் செமஸ்டர் ரிசல்ட்டில் கணக்குப் பதிவியல் மார்க்கைப் பாருங்கள். அறுபதுக்கு மேல் என்றால் சி.ஏ.வுக்கு ஏப்ரலுக்குள் பதிவு செய்யுங்கள். பதிவு செய்து நாலு மாதம் கழித்துத்தான் எழுத முடியும், ஆக முதல் வாய்ப்பு செப்டம்பர். மே, ஜூன் லீவில் குவான்டிடேட்டிவை மட்டும் பிடித்துக்கொண்டு உட்காரலாம். செப்டம்பர் என்பதால் தீபாவளிக் கூட்டத்துக்கு முன்னாலேயே முடிந்தும் விடும். பதிவு செய்த அன்றைக்கே கடை முதலாளியிடம் பரீட்சைக்கு முந்தின இரண்டு வாரம் லீவு வேண்டும் என்று சொல்லி வைத்துவிடுங்கள். தீபாவளிச் சரக்கு வந்து இறங்க ஆரம்பித்த பிறகு கேட்டால் கொடுக்கமாட்டார்.