ஒரு லேப்பில் பொசிட்டிவ், மற்றதில் நெகட்டிவ்: எதை நம்புறது?

சகோதரம், மட்டக்களப்பில எடுத்த ரிப்போர்ட்டில ஹெர்பீஸ் 2 (பெரும்பாலும் பிறப்புறுப்பில புண் தாற வைரஸ்) ஐஜிஜி 1.6, ஐஜிஎம்மும் பொசிட்டிவ். இந்த ரெண்டும் வைரசுக்கு எதிரா உடம்பு ரத்தத்தில உண்டாக்கிற எதிர்ப்புப்பொருள். ஆறு கிழமை கழிச்சுக் கல்முனையில ஐஜிஜி 0.8, நெகட்டிவ். புண் ஒருநாளும் வந்ததில்லை எண்டும் எழுதியிருக்கிறீங்கள்.

முதல்ல அந்த ஐஜிஎம்மை ஒரு பக்கம் வையுங்கோ. அது ஹெர்பீஸ் வகை 1, 2 எண்டு சரியாப் பிரிக்காது, புதுத் தொற்றெண்டும் உறுதிப்படுத்தாது. பார்க்க வேண்டியது ஐஜிஜி எண்ணை. வழக்கமா 1.1ஐத் தாண்டினா பொசிட்டிவ் எண்டு அடிச்சுத் தருவாங்கள், ஆனா 3.0க்குக் கீழ உள்ள எண்கள் பல நேரம் பொய். வாயோரம் கொப்புளம் தாற வகை 1 உடம்பில இருந்தாலும் அப்படிக் காட்டலாம். புதுத் தொற்றெண்டால் பெரும்பாலும் எண் ஏறியிருக்கும். உங்களுக்கு இறங்கியிருக்கு.

ஆனா கடைசி உடலுறவிலிருந்து 12 கிழமை முடிஞ்சுதா? முடியாட்டி நெகட்டிவையும் முழுசா நம்பேலாது. முடிஞ்ச பிறகு, வெஸ்டர்ன் பிளாட் எண்ட ரத்தப் பரிசோதனை மாதிரி வேற முறையில உறுதிப்படுத்தலாமோ எண்டு கேளுங்கோ. அதே முறையில திரும்பத் திரும்பக் குத்துறது வீண்காசு. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின்ர பாலியல் நோய் கிளினிக்கில ரெண்டு ரிப்போர்ட்டையும் காட்டுங்கோ. காசில்லை, விஷயம் வெளியில போகாது. எப்பவாவது கொப்புளம் வந்தால் காயமுதல், ஏலுமெண்டால் 48 மணித்தியாலத்துக்குள்ள, அதிலயிருந்து பஞ்சுக்குச்சியால எடுத்து பிசிஆர் (வைரசையே நேரடியாத் தேடுற பரிசோதனை) செய்விக்க வேணும்.