ரோசா பார்க்ஸ் எழ மறுத்ததால் திடீரென வெடித்ததா மாண்ட்கோமரி பேருந்துப் போராட்டம்?

திடீரென என்று சொல்ல முடியாது. அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரப் பேருந்தில், வெள்ளையருக்கு இடம்விட்டு எழக் கால் வலித்த கறுப்பினத் தையல்காரர் மறுத்தார், ஊரே கொதித்தது என்று பள்ளிப் பாடம்போல் சொல்வார்கள். ஆனால் ரோசா பார்க்ஸ் கறுப்பின உரிமைச் சங்கத்தின் உள்ளூர்க் கிளையில் பல ஆண்டுகள் செயலாளராக இருந்தவர். அவர் கைதானது 1955 டிசம்பர் 1. அதே ஆண்டு மார்ச்சிலேயே கிளாடெட் கால்வின் என்ற 15 வயது மாணவியும் எழ மறுத்துக் கைதாகியிருந்தார்.

அந்தப் பேருந்துகளில் கறுப்பினத்தவர் முன்வாசலில் ஏறிக் காசு கொடுத்துவிட்டு, இறங்கிப்போய்ப் பின்வாசலில் ஏற வேண்டியிருந்தது. சில சமயம் அதற்குள் வண்டியை எடுத்துவிடுவார்கள்!

என்னைக் கேட்டால், அதிகம் பேசப்பட வேண்டியவர் ஜோ ஆன் ராபின்சன். கல்லூரி ஆசிரியை. இப்படியே போனால் பேருந்துகளைப் புறக்கணிப்போம் என்று 1954 மே மாதமே மேயருக்குக் கடிதம் எழுதியவர். பார்க்ஸ் கைதான இரவே கல்லூரி சைக்ளோஸ்டைல் மெஷினில் புறக்கணிப்புக்கு அழைக்கும் ஆயிரக்கணக்கான துண்டறிக்கைகளை ஓட்டி எடுத்துவிட்டார். மார்ட்டின் லூதர் கிங் தலைமைக்கு வந்தது அப்புறம்தான்.

முதலில் வைத்த கோரிக்கையும் மிதமானதுதான்: கறுப்பினத்தவர் பின்னாலிருந்தும் வெள்ளையர் முன்னாலிருந்தும் உட்காரட்டும், உட்கார்ந்தவரை எழுப்பாதீர்கள். அதற்கும் நிர்வாகம் மசியவில்லை. மக்கள் நடந்தும், கார்களைப் பகிர்ந்தும் 381 நாள் தாக்குப்பிடித்தார்கள்.

சரி, சட்டம் மாறியது எப்படி? தனி வழக்கொன்றில். 1956 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பேருந்துப் பாகுபாடு செல்லாது என்ற தீர்ப்பை உறுதி செய்தது. வழக்கை நடத்திய பெண்களில் கால்வின் இருந்தார், பார்க்ஸ் இல்லை.