கால் வலிமையும் தாண்டலும்: பயிற்சியாளர் பதில்கள்

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. நீளம் தாண்டுகிறான். தன் எடையைப்போல ஒன்றரை மடங்கு பாரத்தைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுகிறான் (ஸ்குவாட்). ஆனாலும் தூரம் கூடவில்லையே? (மஞ்சக்குப்பம்)

பதில்: வலிமைக்குக் குறைவில்லை. அதை வெளிப்படுத்த நேரம்தான் கிடைக்கவில்லை. தாண்ட எழும்பும் பலகையில் கால் பதிந்திருப்பது ஏறத்தாழ 0.12 வினாடி. தசை தன் முழு விசையைத் திரட்ட 0.3 வினாடியாவது ஆகும். எனவே எவ்வளவு தூக்குகிறான் என்பதைவிட, எவ்வளவு சீக்கிரம் விசை எழுகிறது என்பதே முக்கியம். வலுவில்லாத பையனுக்குப் பாரம் தூக்கினாலே தாண்டல் கூடும். உங்கள் மகன் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டான்.

ஒரு சோதனை செய்யுங்கள். முழங்காலை மடக்கி அசையாமல் நின்று, அப்படியே மேலே குதிக்கட்டும். பிறகு நிமிர்ந்து நின்று, சட்டென்று தாழ்ந்து எழும்பட்டும். இரண்டு உயரமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், தசையும், அதை எலும்போடு இணைக்கும் நாணும் இழுபட்டுச் சுருங்கும் பலனை அவன் பெறவில்லை. வாரம் இருமுறை துள்ளல் பயிற்சி கொடுங்கள். நடுவே 48 மணி நேரம் ஓய்வு வேண்டும். அதற்கு முன் இறங்கக் கற்றுக்கொடுங்கள். இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாயக் கூடாது.

கேள்வி: வெயிட் தூக்கினால் உயரமாக வளர மாட்டேனா? (வாலிபால் மாணவி, புதுச்சேரி)

பதில்: வளர்வீர்கள். முறையான மேற்பார்வையில் செய்யும் எடைப் பயிற்சி வளர்ச்சியைத் தடுப்பதில்லை.

கேள்வி: தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் குதித்தே பலர் வீரர்களானார்கள். பார்பெல் (பாரம் மாட்டிய இரும்புக் கம்பி) எதற்கு?

பதில்: மணல் நல்லது. மூட்டில் அதிர்வு குறைவு. மறுநாள் வலியும் குறைவு. ஆனால் அது காலின் விசையை விழுங்கிவிடுகிறது. பாதம் தரையில் தங்கும் நேரம் நீள்கிறது. சீசன் தொடக்கத்தில் மணலில் பழகலாம். போட்டி நெருங்கும்போது கெட்டித் தரைக்கு வந்தே ஆக வேண்டும்.

கேள்வி: ஒப்புக்கொள்ள மாட்டேன். மணலில் பழகியவன் தரைக்கு வந்தால் பறப்பான்.

பதில்: கால் லேசாகத் தோன்றும், உண்மைதான். தோன்றுவதை அளந்து பாருங்கள். வினாடிக்கு 240 படம் எடுக்கும் செல்போனில் பாதத்தைப் படமெடுத்தால், 0.12 வினாடி என்பது சுமார் 29 படம். மணலில் அதே பையனை எடுத்து எண்ணுங்கள். நீளம் தாண்டும் வீரர் ஜெஸ்வின் ஆல்ட்ரின் 2023-இல் பெல்லாரியில் 8.42 மீட்டர் தாண்டினார். அவர் இறங்கியது மணலில். எழும்பியது கெட்டியான பலகையிலிருந்து.

கேள்வி: எந்த புரோட்டீன் பவுடர் வாங்கலாம்?

பதில்: உணவியல் நிபுணரைக் கேளுங்கள்.

கேள்வி: வெயிட் தூக்கினால் வளர்ச்சி நின்றுவிடும் என்கிறார்களே?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: குதித்தால் முட்டிச்சில்லுக்குக் கீழே வலிக்கிறது. தைலம் தேய்த்துக்கொண்டு தொடரலாமா? (நெல்லிக்குப்பம்)

பதில்: கூடாது. சில்லுக்குக் கீழுள்ள நாண் நொந்திருக்கலாம். துள்ளல் பயிற்சியை இன்றே நிறுத்தி பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள். திரும்பி வரும்போது குதிக்க அவசரப்படாதீர்கள். முதல் வாரங்களில் இறங்குவதை மட்டும் பழகுங்கள்.