டிஜே ஆகணுமா? முதலில் மைக் செட் வண்டியில் ஏறட்டும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, மகனின் மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டு ஒரு குடும்பம் என்னிடம் வந்தது. அப்பா, அம்மா, தாய்மாமா, பிளஸ் டூ முடித்த பையன். உட்கார்ந்ததும் மாமாதான் பேசினார். ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ், மேனேஜ்மென்ட் கோட்டா, விடுதியோடு சேர்த்து நான்கு வருடத்துக்கு ஒன்பது லட்சம். முன்பணம் கட்டியாகிவிட்டது. "இவன் டிஜே ஆகப் போறேன்னு நிக்கிறான் சார். நீங்க சொன்னா கேப்பான்" என்றார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கவலைப்படாதீங்க, பார்த்துக்கலாம் என்று நானும் ஆரம்பித்தேன். ஐந்து நிமிடத்தில் அது போதாது என்று புரிந்தது. பையனிடம் கணக்கு மதிப்பெண்ணைக் கேட்டேன், தரையைப் பார்த்தான். நண்பனுடைய அக்கா கல்யாணத்தில் பாட்டு போட்டாயாமே என்று கேட்டேன், பத்து நிமிடம் பேசினான். ஒரு குத்துப்பாட்டிலிருந்து அடுத்த பாட்டுக்கு மாற்றியபோது ஆடிக்கொண்டிருந்தவர்கள் கால் தடுமாறி நின்றுவிட்டார்களாம். ஏன் நின்றார்கள் என்று தெரிந்துகொள்ள, அன்று ராத்திரி தூங்காமல் இரண்டு பாட்டையும் மாற்றி மாற்றிக் கேட்டிருக்கிறான். முதல் பாட்டு திஸ்ர நடை, அடுத்தது சதுஸ்ரம். அந்தப் பெயர்கள் அவனுக்குத் தெரியாது. "இது மூணு மூணா போகுது சார், அது நாலு நாலா போகுது" என்று என் மேசையில் தட்டிக் காட்டினான்.

அந்த அப்பாவிடம் நேரில் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் இங்கே எழுதுகிறேன். இதே குழப்பத்தில் இருக்கும் மற்ற வீடுகளுக்கும் உதவும்.

ஐயா, அந்த ஒன்பது லட்சத்தைக் கட்டாதீர்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் நல்ல படிப்புதான், அதை ஆசைப்பட்டுப் படிக்கிறவனுக்கு. கணக்கைக் கண்டாலே தலை குனிகிற பையனை வீட்டுப் பத்திரத்தை வைத்துச் சேர்த்துவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டு அரியரோடு நான்காம் வருடம் என் முன்னால் வந்து உட்கார்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்போது அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாது. மாமா அக்கறையில்தான் சொல்கிறார், அதில் சந்தேகமில்லை. ஆனால் மாதத் தவணை உங்கள் சம்பளத்திலிருந்துதான் போகும்.

தம்பி, உனக்கும் ஒன்று சொல்கிறேன். மூன்று மாத டிஜே பயிற்சிக்கு ஒன்றரை லட்சம் என்று போனில் ஒரு விளம்பரம் காட்டினாய். அதுவும் வேண்டாம். கல்யாண வீட்டுக்காரர் யாரும் உன் சான்றிதழைப் பார்த்து அட்வான்ஸ் கொடுக்கப் போவதில்லை. அம்மாவின் வளையலை அடகு வைத்து கன்ட்ரோலர், அதாவது டிஜேக்கள் பாட்டை மாற்றப் பயன்படுத்தும் கருவி, வாங்கும் பேச்சும் இனி வீட்டில் எழக் கூடாது. இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

அப்புறம் எங்கே தொடங்குவது? உங்கள் ஊரிலேயே இருக்கும் மைக் செட் கடையில். ரேடியோ செட், சவுண்ட் சர்வீஸ் என்று ஊருக்கு ஒரு பெயர். இதைச் சொன்னதும் மாமாவின் முகம் சுருங்கியது, கவனித்தேன். "குழாய் ஸ்பீக்கர் கட்டப் போகவா படிக்க வெச்சோம்?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதில் இது. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 1973 ஆகஸ்ட் 11 அன்று கூல் ஹெர்க் என்ற டிஜே பாட்டு போட்ட ஒரு வீட்டு விருந்தைத்தான் ஹிப் ஹாப் இசை பிறந்த நாளாக உலகம் கொண்டாடுகிறது. அவர் ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பையன். அவர் கையில் இருந்தது அப்பாவின் ஸ்பீக்கர் செட். அவருக்குப் பின் வந்த கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் தொழிற்கல்விப் பள்ளியில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர். ஒரு இசைத்தட்டு கூட்டத்துக்கு ஓடும்போதே அடுத்த இசைத்தட்டைத் தன் ஹெட்போனில் மட்டும் கேட்க, தானே ஒரு சுவிட்ச் செய்து வைத்துக்கொண்டார். வயரும் ஸ்பீக்கரும் தெரிந்த கைகளில்தான் இந்தக் கலை வளர்ந்தது.

மைக் செட் கடையில் தம்பி என்ன கற்பான் என்று கேட்டீர்கள். முதல் மாதம் கேபிள் சுற்றுவான். கேட்கச் சின்ன வேலை, ஆனால் முறுக்கிச் சுற்றினால் உள்ளே கம்பி அறுந்து, ரிசப்ஷன் நடுவில் ஒரு பக்க ஸ்பீக்கர் ஊமையாகும். மைக் கேபிளின் முனையில் இருக்கும் கேனன் பின்னில் எது சிக்னல், எது எர்த் என்று பிரித்துப் பற்றவைக்கப் பழகுவான். மண்டபத்தில் எர்த் சரியில்லாவிட்டால் ஸ்பீக்கரில் உம்மென்று ஓர் இரைச்சல் வரும். அது எங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றித் தேடுவான். ஸ்பீக்கருக்கு முன்னால் மைக்கோடு யாராவது போனால் வீலென்று கத்தும். எந்த அதிர்வெண்ணைக் குறைத்தால் கத்தல் அடங்கும் என்று காது சொல்லத் தொடங்க ஆறு மாதம் ஆகும். ஒலிகளைக் கலக்கும் மிக்சரில் சிவப்பு விளக்கு எரிந்தால் சத்தம் கூடுவதில்லை, ஒலி உடைகிறது, ஸ்பீக்கர் எரிகிறது. வீட்டில் லேப்டாப் முன்னால் மட்டும் பழகியவர்கள் முதல் மேடையில் தடுமாறுவது இங்கேதான். பத்து மணிக்குப் பிறகு திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. போலீஸ்காரரிடம் பணிவாகப் பேசி, மாப்பிள்ளை வீட்டு இளைஞர்களையும் கோபப்படுத்தாமல் நிறுத்துவது எப்படி என்பதை முதலாளி பக்கத்தில் நின்றுதான் கற்க முடியும்.

வருமானக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. டிஜே மட்டும் தெரிந்தவனுக்கு ஆடியில் முகூர்த்தம் இல்லை. மார்கழியிலும் டிசம்பர் 31 ராத்திரியைத் தாண்டிப் பெரிதாக இல்லை. மைக் செட்காரருக்கு அந்த இரண்டு மாதமும் கோயில் வேலை. ஆடியில் அம்மன் கோயில் கூழ், மார்கழியில் விடியற்காலைப் பாட்டு. நடுவில் கட்சிக் கூட்டம், பள்ளி ஆண்டு விழா, காதுகுத்து. வருடம் முழுக்க அடுப்பு எரியும்.

இதோடு கையில் ஒரு சான்றிதழும் வேண்டும். அரசு ஐடிஐயில் எலக்ட்ரீஷியன், இரண்டு வருடம். கல்விக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை வரும், பஸ் பாஸ் உண்டு. முடித்தபின் படிக்கத் தோன்றினால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருடத்தில் சேரலாம். பகலில் ஐடிஐ, முகூர்த்த நாட்களின் மாலையில் மைக் செட். ஒரு நிபந்தனை: பதினெட்டு வயது முடியும் வரை தம்பி பவர் லைனிலும் ஜெனரேட்டரிலும் கை வைக்கக் கூடாது. முதலாளியிடம் இதை நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள், ஐயா.

வீட்டுப் பயிற்சிக்கு இப்போதைக்குப் பணம் வேண்டாம். மிக்ஸ் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, ஆங்கிலத்தில் கடைசியில் மூன்று எக்ஸ் போட்டு எழுதுவார்கள். பழைய லேப்டாப்பிலும் ஓடும். சில நூறு ரூபாய்க்கு ஒரு யுஎஸ்பி சவுண்ட் கார்டு, வயர் உள்ள ஹெட்போன் ஒன்று. ப்ளூடூத் வேண்டாம், சத்தம் தாமதமாக வந்து சேரும், தாளம் பிடிக்க முடியாது. வேகத்தைத் தானாகச் சேர்க்கும் சிங்க் பட்டனைத் தொடாமல் இரண்டு பாட்டின் வேகத்தைக் காதால் சேர்த்துப் பழகு. யூடியூப் பாடங்களில் பெரும்பாலும் ஹவுஸ், டெக்னோ என்ற மின்னணு நடன இசைதான். அவை ஒரே வேகத்தில் நான்கு நான்காக எண்ணிப் போகும். நம் கல்யாணத்தில் கேட்பதோ எண்பதுகளின் பாட்டு. தபேலாவும் டிரம்ஸும் ஆட்கள் வாசித்தவை, வேகம் நடுவில் ஏறி இறங்கும், கணினி போடும் தாளக் கட்டம் அதில் பொருந்தாது. திஸ்ரத்திலிருந்து சதுஸ்ரத்துக்குப் போகும்போது நேராக ஒட்டாதே. ஒரு வசனமோ, கைதட்டலோ, இரண்டு நொடி மௌனமோ வைத்து இறங்கு. ஒரு பாட்டின் பேஸை, அதாவது தாழ்ந்த ஒலியை, குறைத்துவிட்டு அடுத்ததன் பேஸை ஏற்று. இரண்டும் சேர்ந்து நின்றால் கூழாகிவிடும். தினம் ஒரு மணி நேரம், பதிவு செய்து மறுநாள் கேள். ஆறு மாதம் விடாமல் செய்துவிட்டு வா. அதன்பின் பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் ஒரு சின்ன கன்ட்ரோலர், அதுவும் மைக் செட்டில் நீ சம்பாதித்த பணத்தில்.

அம்மா காதைப் பற்றிக் கேட்டார்கள். சரியான கவலை. 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம், 100 டெசிபலில் பாதுகாப்பான நேரம் பதினைந்து நிமிடம்தான். ரிசப்ஷனில் ஸ்பீக்கர் பக்கத்தில் 100 சாதாரணமாக வரும். மருந்துக் கடையில் கிடைக்கும் காதடைப்பான் முதல் நாளிலிருந்தே போட வேண்டும். போன செவி திரும்ப வராது.

"டிஜேன்னு சொன்னா பொண்ணு குடுப்பாங்களா?" என்று போகும்போது மெதுவாகக் கேட்டீர்கள். பத்து வருடம் கழித்து வரப்போகும் சம்பந்திக்காகப் பதினேழு வயதுப் பையனின் படிப்பை முடிவு செய்ய வேண்டாம், ஐயா. அவனுக்கு இது மேடை மோகமா, உண்மையான ஈடுபாடா என்பது கேபிள் சுற்றும் மூன்று மாதத்திலேயே தெரிந்துவிடும். பிடிக்கவில்லை என்று திரும்பி வந்தாலும் ஐடிஐ இடம் கையில் இருக்கும், கடன் இருக்காது.

கல்லூரிக்குக் கட்டிய முன்பணத்தின் ரசீதைத் தேடி எடுத்து வையுங்கள். குறித்த கடைசித் தேதிக்குள் எழுத்தில் விலகினால், பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் ஏஐசிடிஇயின் விதிப்படி 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது. கடிதத்தை நான் எழுதித் தருகிறேன். மாமாவையும் கூட்டிக்கொண்டு புதன்கிழமை மாலை வாருங்கள்.